லயத்துக்குப் போன ஓட்ஸ் மிட்டாய்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. என் கடைப் போறணை அடுப்பிலிருந்து இறக்கிய மூன்றாவது தட்டும் குப்பைக்குப் போனது.

யாருடைய தட்டு? என்னுடைய தட்டு! இந்தப் பேப்பரில் என் பத்தியைப் படித்து வருகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாத்தளை டவுனில் என் கடை மிக்சரைத் தின்னாதவர் யாராவது இருந்தால், அவர் ஊருக்குப் புதியவர் என்று அர்த்தம். தீபாவளிக்கு லட்டு, பெருநாளுக்கு மஸ்கட், சித்திரைப் புது வருடத்துக்குக் கொக்கிஸ் — எல்லாச் சனத்துக்கும் இனிப்புப் போட்ட கை இது. பாகு கொதிக்கிற சத்தத்தை வைத்தே பதம் சொல்வேன். தெர்மோமீட்டரை விட்டுப் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும்.

அப்படிப்பட்டவனை ஓட்ஸ் தோற்கடித்துவிட்டது.

ஓட்ஸ் தெரியும்தானே? காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்போமே, அதுதான். அதில் நிலக்கடலை, கஜு, எள், பூசணி விதை எல்லாம் கலந்து, பாகு மாதிரிப் பாணி ஊற்றிக் கிளறி, தட்டில் அழுத்திச் சுட்டு, துண்டு போட்டால் அதற்குப் பெயர் கிரனோலா பார். கொழும்பில் மினுங்கும் தாளில் சுற்றி விற்கிறார்களாம். கடித்தால் மொறுமொறுவென்று உடைய வேண்டும். என்னுடையது?

முதல் தட்டு வந்தபோதே ஜமீல் நானா குனிந்து பார்த்தார். முப்பது வருடமாக என் போறணையைப் பார்த்துக்கொள்கிற மனிதர் அவர். ஒரு விரலை விட்டுக் கிளறினார்.

"மொதலாளி... இது நம்ம திங்கவா, கோழிக்கா?"

வேறு நாளாக இருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்றைக்கு வாசலுக்குப் போனேன். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. கடை வாசலில் நின்று பார்த்தால் எல்கடுவ பக்கத்து மலை தெரியும். அன்று தெரியவில்லை. மலை இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறம் மட்டும் இருந்தது.

அந்தச் சாம்பலுக்குள்தான் என் தங்கச்சி இருக்கிறாள்.

அறுபத்தெட்டு வயது. புருஷன் போய்விட்டார். பிள்ளை இல்லை. தேயிலைத் தோட்டத்தில், பத்து அறைகளை வரிசையாக ஒட்டிக் கட்டிய லயம் ஒன்றில் கடைசிக் காம்பராவில் தனியாக இருக்கிறாள். கொழுந்து எடுத்தது போதும் என்று தோட்டம் அனுப்பிப் பல வருடம் ஆகிறது. லயத்துக்குப் பின்னால் செங்குத்தாக ஒரு மண்மேடு. போன வருட மழையில் அதில் வெடிப்பு விழுந்தது. முதலில் விரல் போகிற அளவு. பிறகு கை போகிற அளவு. அரசாங்க ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆணி அடித்து அளந்தார்கள். சுவரில் ஒரு பேப்பரை ஒட்டினார்கள். பெருமழை என்று அறிவித்தால், பத்துக் காம்பராச் சனமும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும்.

புது வீடு கட்டித் தருவோம் என்றார்களே? அது வருமாம்.

முதல் தடவை அறிவித்தபோது தங்கச்சி போனாள். அவளுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். வயிற்றில் ஒன்றும் இல்லை. பகல் வரைக்கும் அங்கே வந்தது கிரீம் பிஸ்கட்டும் சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணியும்தான். ஆகாது என்று அவள் தொடவில்லை. சோற்றுப் பார்சல் மேலே வந்து சேருவதற்குள் சுருண்டு விழுந்துவிட்டாள். பக்கத்துக் காம்பரா செல்விதான் தேத்தண்ணியை வாயில் ஊற்றி எழுப்பினாள்.

மறுநாள் லயத்துக்குத் திரும்பியவள் ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்:

"இனி எந்த மழைக்கும் நான் எறங்க மாட்டேன். சாவுறதா இருந்தா என் காம்பராவுல வயித்துக்குத் தின்னுட்டுச் சாவுறேன்."

நான் போனில் கத்தினேன். அவள் போனை வைத்துவிட்டாள். என் குடும்பத்தில் என் பேச்சுக்கு நடுவில் போனை வைக்கிற ஒரே ஆள் அவள்தான்.

இதற்கு வழி கண்டுபிடித்தது நான் இல்லை. என் மருமகள் திலகா.

"மாமா, அவங்க பசிக்குப் பயந்துதானே போகமாட்டேங்கிறாங்க? கெட்டுப்போகாத சாப்பாடு ஒண்ண டப்பால போட்டுக் குடுத்துருவோம். அப்புறம் என்னா சாக்குச் சொல்லுவாங்க?"

போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். ஓட்ஸும் கடலையும் பசி தாங்கும். கிரீம் பிஸ்கட்டைப் போல விறுவிறுவென்று சீனியை ஏற்றாது. ஒட்டுவதற்கு மட்டும் கொஞ்சம் பாணி. ஈரம் சுத்தமாகப் போயிருந்தால் மூன்று வாரம் தாங்கும். கொஞ்சம் நமுத்தாலும் ஒரு வாரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். அதுவும் மலையில், மழைக்காலத்தில், உப்பே தண்ணீராய் ஓடுகிற லயத்தில்!

இப்போது தெரிகிறதா, மொறுமொறுப்புக்கு நான் ஏன் அந்த அலை அலைந்தேன் என்று? நாக்குக்காக இல்லை.

அளவு எல்லாவற்றையும் திலகா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். நான் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். படிக்கவில்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்ணாடிக் கிண்ணத்தில் கலக்குவதைப் பார்த்து நான் கற்றுக்கொள்ள வேண்டுமா? கடலை மிட்டாய் போட்டவனுக்கு இது என்ன பெரிய காரியம்?

அங்கேதான் விழுந்தேன்.

கடலை மிட்டாயைச் சூட்டோடு வெட்ட வேண்டும். ஆறினால் கல்லாகிவிடும், கத்தி இறங்காது. ஐம்பது வருடமாகக் கைக்குப் பழகின வேலை அது. ஓட்ஸ் தட்டு போறணையிலிருந்து வந்ததும் கை தானாகக் கத்தியை எடுத்தது. வெட்டினேன். முதல் தட்டு பொலபொலவென்று உதிர்ந்து போனது. கோழித்தீனிதான், ஜமீல் நானா சொன்னதில் தப்பே இல்லை.

இரண்டாவது தட்டை ஆறவிட்டு வெட்டினேன். துண்டு நின்றது. கடித்தால் நனைந்த பாயைக் கடித்தது போல இருந்தது. கித்துள் மரத்துப் பாணியைப் பதத்துக்குக் காய்ச்சாமல் அப்படியே ஊற்றியிருந்தேன். பலாபத்வலயில் தெரிந்த மனிதரிடம் வாங்கிய கலப்படமில்லாத பாணி, அதைப் போய்க் காய்ச்சிக் கெடுப்பதா என்று ஒரு கர்வம். எவ்வளவு நல்ல பாணியானாலும் அதற்குள் தண்ணீர் இருக்கிறது. அந்தத் தண்ணீர் போகாமல் எந்த ஓட்ஸும் மொறுக்காது.

மூன்றாவது தட்டில் பொறுமை போய்விட்டது. விறகை அள்ளிப் போட்டுச் சூட்டை ஏற்றினேன். மேலே கரி. உள்ளே பச்சை.

திலகா வந்தாள். குப்பைக் கூடையைப் பார்த்தாள். என் சட்டைப்பையையும் பார்த்தாள்.

"அந்தத் தாள வெளிய எடுக்கவே இல்லியா மாமா?"

"எனக்குத் தாள் தேவையில்ல."

"சரிதான். கூடைக்குத் தேவப்பட்டிருக்கு."

ஜமீல் நானா போறணைப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது எனக்குத் தெரியாமலா போகும்?

வெள்ளிக்கிழமை அவள் சொன்னபடியே செய்தேன். ஓட்ஸைத் தனியாக வறுத்தேன். கடலை, கஜு, எள், விதை ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்தேன். பாணியில் ஒரு கரண்டி தேங்காயெண்ணெயும் ஒரு சிட்டிகை உப்பும் விட்டுக் காய்ச்சினேன். பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் அது கரையாமல் முத்தாக உருள வேண்டும். இது என் வித்தை, திலகாவின் தாளில் இது இல்லை! கறுவாப்பட்டைத் தூள் தூவினேன். தட்டில் தாள் விரித்துக் கொட்டி, பித்தளைச் செம்பின் அடியால் அழுத்தினேன். சும்மா தட்டுவது இல்லை. உடம்புப் பாரத்தைப் போட்டு அழுத்த வேண்டும். காற்று நிற்கிற இடமெல்லாம் பிறகு உடைகிற இடம்.

இளஞ்சூட்டில் முக்கால் மணி நேரம். பிறகு தட்டை வெளியே எடுக்காமல், கதவைக் கொஞ்சமாகத் திறந்துவைத்து, போறணைக்குள்ளேயே ஆறவிட்டேன். வெளியே எடுத்தால் மழைக் காற்று குடித்துவிடும். பின்னேரம்தான் கத்தி வைத்தேன்.

'கடக்'.

முன்னால் காசு வாங்குகிற மேசை வரைக்கும் கேட்டது. ஜமீல் நானா ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, மென்று, கடைசியில் சொன்னார்: "இப்ப கோழிக்குக் குடுக்க மனசு வராது."

முப்பத்தாறு துண்டு. ஒவ்வொன்றையும் எண்ணெய்த் தாளில் சுற்றி, பழைய பிஸ்கட் டின்னில் அடுக்கி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினேன். சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன்.

*

மழை விட்டிருந்தது. லயத்து வாசலில் தண்ணீர் தேங்கி, அதில் ஒரு செருப்பு மிதந்தது. தங்கச்சி காம்பரா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"என்னாண்ணே, இவ்வளவு தூரம்? வழி தவறிட்டியா?"

"ஒனக்குத்தான் கொண்டாந்தேன்." டின்னை நீட்டினேன்.

அவள் வாங்கிக் குலுக்கிப் பார்த்தாள். டேப்பை நகத்தால் கிழித்தாள். நான் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டியது! ஒரு துண்டை எடுத்து முகர்ந்தாள். கடைவாயில் வைத்துக் கடித்தாள். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்துக் காம்பராவிலிருந்து செல்வி எட்டிப் பார்த்தாள்.

"என்னாத்தே, செங்கலக் கடிக்கிறீங்களா?"

"எங்கண்ணன் கடையில இப்ப செங்கலும் போடுறாங்க. இந்தா, நீயும் கடிச்சுப் பாரு."

இரண்டு பேரும் மென்றார்கள். நான் நின்றேன். மாத்தளையில் பெரிய பெரிய கலியாணங்களுக்கு இனிப்புக் கொடுத்திருக்கிறேன். ஒரு ஆள் என்ன சொல்லப்போகிறாள் என்று அப்படிக் காத்து நின்றதில்லை.

"நல்லாருக்கு," என்றாள் தங்கச்சி. அவ்வளவுதான்.

டின்னைப் பைக்குள் வைத்தேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை தொங்குகிறது. அந்த லயத்தில் எல்லாக் காம்பராவிலும் அப்படி ஒரு பை உண்டு. அடையாள அட்டை, புருஷனுடைய மரணச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, மாத்திரை. மழை என்றால் கையைப் போட்டு எடுத்துக்கொண்டு ஓட வேண்டிய பை.

"இனி பசின்னு சொல்லக்கூடாது. அறிவிச்சா எறங்கிறணும். வெளங்குதா?"

"பசி மட்டுமா அண்ணே?" கீரைக் காம்பை ஒடித்தாள். "நான் பென்சன் ஆளு. இந்தக் காம்பரா தோட்டத்துது. பூட்டிட்டு நாலு நாள் போனா, 'ஆள் இல்லாத காம்பரா'ன்னு வேற யாருக்காவது குடுத்துருவாங்க. அந்த ரெண்டாவது காம்பராக் கெழவிக்கு அதான் நடந்துச்சு. மக வீட்டுக்குப் போயிட்டு வந்தா, வேற பூட்டு தொங்குது."

"போனா போகட்டும்! என் வீட்டுக்கு வா. அலுவிகாரையில அத்தன ரூம் கெடக்கு. மாடி கட்டியிருக்கேன். வெந்நீர் பைப்பு இருக்கு."

"பாத்தேன்ல. வீடு குடிபுகுறப்ப வந்தேன்ல."

வந்தாள். ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு வரவில்லை. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை. ஆளுக்கு ஆயிரம் வேலை.

அவளே சொன்னாள். கீரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

"வந்த ஆளுங்ககிட்ட எல்லாம் என்னியக் காட்டுன. 'இவ என் தங்கச்சி, இன்னும் லயத்துலதான் கெடக்கா, நான் மட்டும் எந்திரிச்சு வந்துட்டேன்'ன. ஒரு ஆளா, ரெண்டு ஆளா? வந்தவுங்க எல்லாத்துக்கிட்டயும். ஒன் வீட்டுத் தரைய காட்டுன, ஜன்னலக் காட்டுன, அப்பறம் என்னியக் காட்டுன."

எனக்குச் சுருக்கென்றது. "பெருமையாத்தானே சொன்னேன்?"

"யாருக்குப் பெரும?"

செல்வி உள்ளே போய்விட்டாள். நல்ல பெண்.

"நீ பேப்பர்ல எழுதுறத செல்வி வாசிச்சுக் காட்டுவா," என்றாள் தங்கச்சி. "மழையில வேலை இல்லாத நாள்ல எல்லாரும் உக்காந்து கேப்போம். லயத்துல கெடக்குறவுங்க முயற்சி இல்லாதவுங்கன்னு எழுதியிருந்த. நீ கீழ எறங்குறப்ப ஒரு கை கூட ஒதவலன்னு எழுதியிருந்த."

"ஆமா. உண்மைதானே?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கீரைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் பஸ்ஸைப் பிடிக்க இறங்கினேன்.

நான் எழுதுவதில் இருக்கும் எழுத்துப் பிழையைப் பேப்பர் ஆசிரியர் திருத்திவிடுவார். மற்றப் பிழையைத் திருத்த அங்கே ஆள் கிடையாது... பஸ்ஸில் வரும்போது இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டேன், மறந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், மறந்துவிட்டதாக வைத்துக்கொண்டேன்.

*

அடுத்த புதன்கிழமை வானம் உடைந்தது. காலை எட்டு மணிக்கே கடைக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. கண்டி வீதியில் தண்ணீர் ஆறாகப் போனது. ஒன்பது மணிக்குச் செல்விக்குப் போன் எடுத்தேன்.

"அறிவிச்சிட்டாங்க மாமா. எல்லாரும் ஸ்கூலுக்குப் போய்க்கிட்டு இருக்கோம். அத்தே மட்டும் வரமாட்டேங்குது. கதவுல சாஞ்சு உக்காந்துருக்கு. கிராமத்து ஆபீசர் ஜீஎஸ் மாத்தையா வந்து சொல்லியும் அசையல."

"போன அவகிட்ட குடு."

மழைச் சத்தம். பிறகு அவள் மூச்சு.

"எறங்கு," என்றேன்.

"காம்பரா போயிரும்ணே."

"காம்பராவா பெருசு? மேடு சரிஞ்சா நீயே இருக்க மாட்ட! நான் சொல்றேன், எறங்கு!"

"நீ யாரு சொல்ல? நீதான் எப்பவோ எறங்கிட்டியே."

நான் ஒரு கடைக்கு முதலாளி. பதினேழு பேர் என் பேச்சுக்கு நடக்கிறார்கள். போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன். சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அது தொண்டை வரைக்கும் வந்தது. லைன் அறுந்துவிட்டது. லைன் அறுந்ததா, நான் தாமதித்தேனா? இன்றைக்கும் தெரியாது.

திரும்ப எடுத்தேன். போகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். மேலே பஸ் இல்லை, ரோட்டில் மரம் விழுந்துவிட்டது என்றார்கள். ஓட்டோக்காரர்கள் யாரும் வரத் தயாரில்லை. திரும்பக் கடைக்கு வந்து உட்கார்ந்தேன். திலகா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போனது. ஜமீல் நானா தொழுதுவிட்டு வந்து, பக்கத்தில் ஒரு மா மூட்டையில் உட்கார்ந்துகொண்டார்.

பின்னேரம் மூன்றரைக்குச் செல்வியின் போன் வந்தது.

மேடு சரிந்துவிட்டது. கடைசி நாலு காம்பராவின் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு மண் உள்ளே வந்துவிட்டது. தங்கச்சியின் காம்பராவில் ஜன்னல் மட்டத்துக்கு மண்.

"அவ?"

"இருக்கு மாமா. இங்கதான் இருக்கு. என்னிய வைஞ்சுக்கிட்டு இருக்கு."

எழுபத்தொரு வயதில் கடை நடுவில் உட்கார்ந்து அழுதேன். எழுதிவிடுகிறேன், எப்படியும் ஜமீல் நானா ஊருக்குச் சொல்லிவிடுவார்.

*

சனிக்கிழமைதான் ரோடு திறந்தது. போனேன்.

தோட்டத்துப் பள்ளிக்கூடம். நான் படித்தது அங்கேதான், மூன்றாம் வகுப்பு வரைக்கும். அதே மூன்றாம் வகுப்பில்தான் தங்கச்சிக்கு இடம் கொடுத்திருந்தார்கள். அவள் பள்ளிக்கூடமே போனவள் இல்லை. பிள்ளைகள் உட்காரும் வாங்குகளை ஒதுக்கிப் பாய் விரித்திருந்தார்கள். ஈரத்துணியின் வாடை. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் டின். காலி.

"கறுவா கூடிப்போச்சு," என்றாள். வாண்ணே என்பதற்குப் பதில் அதுதான்.

"நீ எத்தன தின்ன?"

"ரெண்டு. மாத்திரைக்கு ஒண்ணு ஒண்ணு."

"முப்பத்தாறு வச்சேனே!"

"அன்னைக்கு நானும் செல்வியும் ரெண்டு தின்னாச்சு. மிச்சம் முப்பத்திநாலு. இங்க நாப்பத்தொரு பேரு. மொத நாள் பகல் வரைக்கும் ஒண்ணும் வரல. நீயே பிரிச்சுப் பாரு, மொதலாளி."

செல்வி வந்தாள். சிரித்துக்கொண்டு சொன்னாள், சிரித்தாலும் கண் சிவந்திருந்தது.

"மாமா, யார் சொல்லியும் அசையல இல்ல? நான் அந்த டின்னப் பையோட தூக்கிக்கிட்டு ஓடுனேன். நீங்க இருங்கத்தே, இத நாங்க தின்னுக்கிறோம்னேன். 'ஏய் வைடி, எங்கண்ணன் செஞ்சதுடி அது!'ன்னு வெரட்டிக்கிட்டே வந்துச்சு. ஸ்கூல் கேட்டு வரைக்கும் வைஞ்சுக்கிட்டே வந்துச்சு. உள்ள வந்ததும் நான் கேட்டப் பூட்டிட்டேன்."

"பொய் சொல்றா," என்றாள் தங்கச்சி. "பையிலதான் என் ஐடென்டி இருந்துச்சு. அதுக்குத்தான் வந்தேன்."

நான் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன். முழங்கால் மடங்கக் கஷ்டப்பட்டது.

"இப்ப காம்பராவும் போச்சு. வா, வீட்டுக்குப் போவோம்."

அவள் காலி டின்னின் மூடியைப் போட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பேர் இருந்தாத்தான் காம்பராண்ணே. தோட்டத்துல எம்பேரு பதிஞ்சிருந்துச்சு, நான் இருந்தேன். ஒன் வீட்டுல எம்பேரு எங்க இருக்கு? இத்தன வருசமா பேப்பர்ல எழுதுற. ஒன் கடைப் பேரு வருது, போறணை வருது, ஜமீல் நானா கூட வர்றாரு. எம்பேரு ஒரு தடவ வந்துருக்கா? செல்வியத் தேடச் சொன்னேன். தங்கச்சின்னுதான் இருக்குங்கிறா."

நான் எழுந்து வந்துவிட்டேன்.

இனி நான் சொல்லப்போவதை இந்தப் பத்தியில் நீங்கள் ஒருநாளும் படித்ததில்லை.

எங்கள் அப்பா செத்தபோது எனக்குப் பதினைந்து, அவளுக்குப் பன்னிரண்டு. அம்மாவுக்கு இருமல், எழுந்து நடக்க முடியாது. கணக்கப்பிள்ளை வந்து சொன்னார்: வீட்டில் ஒரு ஆளாவது தோட்டத்தில் பேர் பதிய வேண்டும், இல்லாவிட்டால் காம்பராவை விட்டுவிட வேண்டும். மூத்தவன் நான். மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற அந்த இடத்தில், நான் போய் நின்று பேர் கொடுக்க வேண்டும். அதுதான் பேச்சு.

நான் போகவில்லை. விடிவதற்கு முன்னால் இடுப்பில் கட்டிய ஒரு சாரத்தோடு மலை இறங்கிவிட்டேன். மாத்தளையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் தட்டுக் கழுவச் சேர்ந்தேன். மிச்சத்தை உங்களுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன், பல்லைக் காட்டிச் சொல்லியிருக்கிறேன்.

சொல்லாதது இது. அன்றைக்குப் பெரட்டில் என் இடத்தில் அவள் போய் நின்றாள். வயதைக் கூட்டிச் சொன்னாள். கூடை அவளுடைய முழங்காலுக்குக் கீழே தொங்கியதாம். அதனால் அம்மா அந்தக் காம்பராவிலேயே செத்தாள், ரோட்டில் சாகவில்லை. அதனால்தான் ஊருக்குத் திரும்பி ஓட வேண்டிய அவசியம் எனக்கு வரவில்லை. அதனால்தான் நான் முதலாளி.

ஒரு கை கூட உதவவில்லை என்று எழுதினேன். பன்னிரண்டு வயதுக் கை, சின்னதாக இருந்ததால் கண்ணில் படவில்லை போலும். தன் முயற்சியால் எழுந்தேன் என்று மார்தட்டுகிறவர்களை நானும் நிறையப் பார்த்துவிட்டேன். எல்லாருடைய கதையிலும் ஒரு ஆள் குறைகிறது. தேடிப் பாருங்கள்.

போன் லைனில் எனக்குத் தொண்டை வரைக்கும் வந்து நின்றதும் இதுதான்.

திலகா முன் அறையைத் துடைத்து வைத்திருக்கிறாள். கட்டில் போட்டாயிற்று. தங்கச்சி இன்னும் மூன்றாம் வகுப்பில்தான் இருக்கிறாள். வருவாளா? எனக்குத் தெரியாது. நான் அவளாக இருந்தால் வரமாட்டேன்.

இந்தப் பேப்பர் மேலே போய்ச் சேர்ந்ததும் செல்வி வாசித்துக் காட்டுவாள். செல்வி, இந்த இடத்தைக் கொஞ்சம் சத்தமாக வாசி, தாயி:

என் தங்கச்சியின் பெயர் கருப்பையா ராமாயி.

ஐம்பத்தாறு வருடம் பிந்திப் பதிகிறேன். பெரட்டுக்குப் பிந்தி வந்தவனுக்குத் தோட்டத்தில் அரைநாள் சம்பளம்தான் போடுவார்கள்... எனக்கு அதுவும் அதிகம்.